காத்திருக்கும் ஆண்டுகளுக்கு இஞ்சி
எண்ணெய்ப்பனைத் தோப்பில் ஊடுபயிர் செய்ய நினைப்போருக்குச் சில கணக்குகள்

பெங்களூருவில் குடியேறிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இரண்டு ஏக்கரோ நான்கு ஏக்கரோ, அப்பா காலத்துச் சொத்து. பட்டா கூட்டாக இருக்கும். பார்த்துக்கொள்வது ஊரிலிருக்கும் அண்ணனோ தம்பியோ. நாற்று நட ஆள் கிடைக்கவில்லை, போட்ட முதல் திரும்பவில்லை என்ற பேச்சு ஒவ்வொரு பொங்கலுக்கும் எழும். அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் ஒரு புதுப் பயிரின் பெயர் அடிபடுகிறது. "பாமாயில் கன்று மானியத்தில் தருகிறார்கள், அண்ணே. முதல் மூன்று வருஷம் உள்ளே இஞ்சி போட்டால் செலவு கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் பணம் அனுப்பினால் போட்டுவிடலாம்" என்று ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது.

இந்தக் கேள்விக்குப் 'போடு' என்றோ 'போடாதே' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. எண்ணெய்ப்பனை 25 முதல் 30 ஆண்டு நிற்கும் மரம். இஞ்சி எட்டு மாதப் பயிர். இந்த இரண்டையும் ஒரே நிலத்தில் வைப்பதென்றால் எது நிலையானது, எது வந்து போவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெங்களூருவில் நாம் எல்லோரும் அறிந்த கணக்குத்தான் இது. எண்ணெய்ப்பனை வீட்டுக்காரர். இஞ்சி பதினொரு மாத ஒப்பந்தத்தில் வரும் குடித்தனக்காரர். வாடகை வருகிறதே என்று குடித்தனக்காரரைச் சுவரை இடிக்க விடலாகாது.

புதிய பனை, பழைய இஞ்சி

இஞ்சி நமக்குப் புதிதன்று. 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை' என்பது நம் வீட்டுப் பழமொழி. பொங்கல் பானையில் மஞ்சள் கொத்தோடு இஞ்சிக் கொத்தும் கட்டுகிறோம். கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பெயர் முதல் இன்றைய ஆங்கிலப் பெயர் வரை, இஞ்சியைக் குறிக்கும் மேலைச் சொற்களுக்கு 'இஞ்சிவேர்' என்ற நம் சொல்லே மூலம் என்று மொழியியலார் பலர் கூறுகின்றனர். பட்டினப்பாலை சோழநாட்டுத் தோட்டங்களை வருணிக்கும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு ஆகியவற்றின் வரிசையில் இஞ்சியையும் சேர்த்துச் சொல்கிறது. மரத்தடியில் கிழங்குப் பயிர் வைக்கும் வழக்கம் அத்தனை பழையது.

எண்ணெய்ப்பனை அப்படியன்று. நம் ஊர்ப் பனைக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. இது மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848ஆம் ஆண்டு ஜாவாத் தீவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழிவந்தவையே தென்கிழக்காசியத் தோட்டங்களின் மூதாதை மரங்கள். மலாயாவில் வணிக முறையில் முதல் தோட்டம் 1917இல் தென்னமாரம் எஸ்டேட்டில் போடப்பட்டது. பின்னாளில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டபோது, பால் வெட்டிய நம் தமிழ்த் தொழிலாளர்களே குலை வெட்டவும் போனார்கள். நம் வாசகர்களில் சிலருக்கு அங்கே உறவினர் இருக்கலாம்.

இந்தியாவில் கேரளம் முன்னால் சென்றது. 1977இல் தொடங்கப்பட்ட ஆயில் பாம் இந்தியா நிறுவனம் கொல்லம் மாவட்டத்தில் பெரிய தோட்டங்களை உண்டாக்கியது. மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு செல்லும் ஒரு சிறு கூன்வண்டை ஆப்பிரிக்காவிலிருந்து 1981இல் மலேசியாவுக்கும், 1985இல் கேரளத்துக்கும் கொண்டுவந்த பிறகுதான் குலைகளில் காய் நன்றாகப் பிடித்தது. எந்தப் பகுதிகளில் இந்த மரம் வரும் என்பதைச் சாதா குழு 1988இல் ஆராய்ந்து சொன்னது. ஆந்திரத்தில் ஏலூருக்கு அருகே பெதவேகியில் 1995இல் எண்ணெய்ப்பனைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்தது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய எண்ணெய்ப்பனை இயக்கத்துக்கு ஒப்புதல் தந்து, 2025-26க்குள் மேலும் 6.5 லட்சம் எக்டேரில் நட இலக்கு வைத்தது. ஊரிலிருந்து வரும் தொலைபேசிக்கு இதுவே பின்னணி.

அரசின் அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2022-23 எண்ணெய் ஆண்டில் சுமார் 98 லட்சம் டன், 2023-24இல் சுமார் 90 லட்சம் டன் பாமாயில் இந்தியாவுக்கு இறக்குமதியானது. நியாயவிலைக் கடைப் பாக்கெட்டிலிருந்து பேக்கரி பிஸ்கட் வரை அதுதான் போகிறது.

காத்திருப்பின் சுமை

கன்று நட்டு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்குப் பிறகே அறுவடை தொடங்கும். 14 முதல் 18 மாதத்தில் பூங்கொத்து எட்டிப் பார்க்கும். ஆனால் அதை விடக்கூடாது. மரம் உரம் ஏற வேண்டுமென்பதற்காக இரண்டரை, மூன்று ஆண்டு வரை பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். அதன் பின்னும் முழு விளைச்சலுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். நன்றாகப் பராமரித்த தோப்பு எக்டேருக்கு ஆண்டுக்கு 20 முதல் 25 டன் குலை தரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏழாம், எட்டாம் ஆண்டின் கதை. அதற்கு முன்னே மூன்று தீபாவளியும் மூன்று பொங்கலும் வருமானமின்றிக் கடக்க வேண்டும். இந்த இடத்தில்தான் சிறு விவசாயி சோர்ந்து, பாதியில் மரத்தைப் பிடுங்குகிறார். ஆகவே இளம் தோப்பில் ஊடுபயிர் செய்யலாம் என்று ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. அரசுத் திட்டத்திலும் அதற்கு உதவித்தொகை உண்டு. காய்கறி, வாழை, மிளகாய், பூச்செடி, மஞ்சள், இஞ்சி எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும்.

எவ்வளவு இடம் மிஞ்சும்?

எண்ணெய்ப்பனையை 9 மீட்டர் முக்கோண முறையில் நடுவார்கள். எக்டேருக்கு 143 மரம், ஏக்கருக்கு 57 அல்லது 58. முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்றால் வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர் இருக்கும்.

கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி முதலாண்டு ஒரு மீட்டர் ஆரம், இரண்டாம் ஆண்டு 2 மீட்டர், மூன்றாம் ஆண்டு முதல் 3 மீட்டர். அந்த வட்டம் மரத்துக்கே சொந்தம். அதற்குள் மண்வெட்டி ஆழமாக இறங்கலாகாது. எண்ணெய்ப்பனையின் உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை. இஞ்சியைத் தோண்டும்போது அவை அறுந்தால் மரம் பின்தங்கும்.

முதலாண்டிலேயே இருபுறமும் 2 மீட்டர் விட்டுவிட்டால் நடுவில் 3.8 மீட்டர் மிஞ்சும். ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று மேட்டுப்பாத்தி, இடையில் 40 சென்டிமீட்டரில் இரண்டு வாய்க்கால். கூட்டிப் பார்த்தால் 3.8 மீட்டர் சரியாக வரும். இரண்டாம் ஆண்டில் மரத்தின் வட்டம் 2 மீட்டராகும்போதும் இந்த அமைப்பு இடிக்காது. மூன்றாம் ஆண்டில் மரம் இருபுறமும் 3 மீட்டர் எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 1.8 மீட்டர். மட்டைகளும் நீண்டுவிடும். எனவே இஞ்சிக்கு இரண்டு ஆண்டுதான் தவணை. மூன்றாம் ஆண்டும் போட வேண்டுமென்று மட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதும், பச்சை மட்டையை வெட்டுவதும் வருங்காலக் குலையை இன்றே வெட்டுவதாகும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இஞ்சி போட்ட மண்ணில் மறு ஆண்டே இஞ்சி போடக்கூடாது. நோய்க் கிருமிகள் மண்ணிலேயே தங்கிவிடும். இதற்கு ஓர் எளிய ஏற்பாடு செய்யலாம். முதலாண்டு ஒன்றுவிட்டு ஒரு வரிசை இடைவெளியில் இஞ்சி. மற்ற இடைவெளிகளில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு. இரண்டாம் ஆண்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பாத்தியும் இஞ்சியை இருமுறை காணாது. சணப்பையும் தக்கைப்பூண்டையும் அறுத்து இஞ்சிக்கு மூடாக்காகப் போடலாம்.

இஞ்சியைத் தனிப்பயிராகப் போட்டால் எக்டேருக்கு 1,500 முதல் 1,800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். நாம் சொன்ன அமைப்பில் பாத்திப் பரப்பு தனிப்பயிரில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். ஆகவே ஏக்கருக்கு 170 முதல் 200 கிலோ விதை போதும். ஏக்கருக்கு இரண்டு டன் பச்சை இஞ்சி எடுத்தால் நல்ல விளைச்சல். 'ஏக்கருக்குப் பத்து டன்' என்று யாரேனும் சொன்னால், அவர் மரத்துக்கு இடம் விடாமல் கணக்குப் போடுகிறார் என்று பொருள்.

வரும் தண்ணீர், வடியும் தண்ணீர்

இருப்புப்பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் வடிகால். தண்டவாளமும் ஜல்லியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடிமண்ணில் நீர் தங்கினால் பாதை உட்காரும். இஞ்சிக்கும் அதே விதி.

எண்ணெய்ப்பனை தண்ணீர்க் குடியன். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 200 முதல் 300 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 57 மரமென்றால் நாளுக்கு 11,000 முதல் 17,000 லிட்டர். இந்த அளவு தண்ணீரை ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கிணறு தருமா என்பதே முதல் கேள்வி. தராது என்றால் இஞ்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம், பனையே வேண்டாம். பெங்களூருவைச் சுற்றி ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிலம் வாங்கியிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் ஒருபுறம் இருக்க, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தப் பீடபூமியின் குளிர்கால இரவுகள் எண்ணெய்ப்பனைக்கு ஒத்துக்கொள்ளா. இரவிலும் 20 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் வெதுவெதுப்பையே அது விரும்பும். கர்நாடகத்தில் இது நடப்படுவது பத்ரா அணைப் பாசனப் பகுதி, மைசூரு, சாமராஜநகர் போன்ற இடங்களில்.

இஞ்சிக்கும் ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக்கூடாது. மரத்துக்குச் சொட்டுநீர் தனிக் குழாயிலும், இஞ்சிக்குத் தனிக் குழாயிலும் போவது நல்லது. பாத்தி 15 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். கனமழைப் பகுதியில் 30. வாய்க்கால் நீர் ஒரு பாத்தி வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குள் பாயாமல், நேரே நிலத்துக்கு வெளியே போக வேண்டும். வாடல் நோய்க் கிருமி நீரோடு நடந்து செல்லும். ஒரு மூலையில் தொடங்கிய நோயைத் தோட்டம் முழுக்கக் கொண்டுசேர்ப்பது சரியாக வெட்டாத வாய்க்காலே.

இங்கேதான் கர்நாடகத்து அனுபவத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிவமொக்கா, ஹாசன், குடகுப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழங்கு முற்றும் டிசம்பர், ஜனவரியில் மண் உலர்ந்திருக்கும். நம் காவிரிப் படுகை மாவட்டங்களிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். கிழங்கு முற்றும் வேளையில் களிமண் வயலில் நீர் நின்றால் அழுகல் தப்பாது. ஆற்றோரப் படுகையின் வண்டல் மண்ணும், தேனி, தென்காசிப் பக்கத்து மலையடிவாரச் செம்மண்ணும் வேறு. நெல் விளைந்த கனத்த களிமண் வேறு. களிமண் நிலத்தில் இஞ்சிக்குப் பதில் வாழையோ வேறு பயிரோ பார்ப்பதே அறிவுடைமை.

விதையும் நோயும்

இஞ்சியில் முதல் போகும் வழிகள் இரண்டு. பித்தியம் என்னும் பூசணத்தால் வரும் மென்னழுகல், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல். இரண்டுமே பெரும்பாலும் விதைக்கிழங்கோடுதான் நிலத்துக்குள் நுழைகின்றன. ஆகவே சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கிழங்கை விதையாக வாங்கலாகாது. நோயில்லாத் தோட்டத்தை அறுவடைக்கு முன்பே போய்ப் பார்த்து, அங்கிருந்து எடுக்க வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா, மகிமா, ரெஜதா ஆகிய இரகங்கள் நன்கு அறியப்பட்டவை.

விதைத்துண்டு ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிராம் எடையும், ஒரு நல்ல முளையும் உடையதாக இருக்கட்டும். லிட்டருக்கு 3 கிராம் மாங்கோசெப் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுவது வழக்கம். கோடைமழை விழும் ஏப்ரல், மே ஏற்ற காலம். நட்டவுடன் தழை மூடாக்கு. பிறகு 40ஆம் நாளும் 90ஆம் நாளும் மீண்டும் மூடாக்கு. இஞ்சி மெல்லிய நிழலை விரும்பும் செடி. முதலாண்டுக் கன்றுகளோ நிழல் தரா. அதனால் பாத்தி ஓரம் அங்கங்கே துவரையோ ஆமணக்கோ வைப்பவர்கள் உண்டு.

உரத்திலும் தனித்தனிக் கணக்கு வேண்டும். எண்ணெய்ப்பனைக்கு முதலாண்டு மரமொன்றுக்குத் தழைச்சத்து 400 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 400 கிராம். இரண்டாம் ஆண்டு அதன் இருமடங்கு. மூன்றாம் ஆண்டு முதல் மும்மடங்கு. இஞ்சிக்குப் போட்ட உரத்தை மரமும் எடுத்துக்கொள்ளும் என்று மரத்தின் பங்கைக் குறைப்பது, வாடகை வாங்கி வீட்டு வரி கட்டாமல் விடுவதைப் போன்றது.

சந்தையின் ஏற்ற இறக்கம்

கன்னடத்தில் ஷுண்டி என்று சொல்லும் இஞ்சி, இம்மாநிலத்துச் சந்தைகளில் 60 கிலோ மூட்டைக் கணக்கில் விலை போகிறது. 2023ஆம் ஆண்டு நடுவில் சில்லறை விலை கிலோ 300 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். வயலில் திருட்டுக்குப் பயந்து காவல் போட்டார்கள். அந்த விலையைக் கண்டு பலர் பரப்பைக் கூட்ட, அடுத்த ஆண்டே விலை சரிந்தது. விலை ஏறும் ஆண்டில் விதைக்கிழங்கின் விலையும் ஏறும். ஏறிய விலைக்கு விதை வாங்கி, இறங்கிய விலைக்கு விளைச்சலை விற்பதுதான் புதிதாக இறங்குவோரின் அனுபவம்.

நம் இரண்டு டன்னைக் கணக்கிடுவோம். கிலோ 20 ரூபாய் கிடைத்தால் 40,000. கிலோ 60 ரூபாய் கிடைத்தால் 1,20,000. செலவோ இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கிலோ 20 ரூபாய்க்கு விற்றாலும் தாங்குமா என்று பார்த்தே இறங்க வேண்டும். கடன் வாங்கிப் போட வேண்டிய பயிர் இதுவன்று. எண்ணெய்ப்பனைக் குலைக்காவது கச்சா பாமாயில் விலையை ஒட்டி விலை வகுக்கும் முறை இருக்கிறது. இஞ்சிக்கு அப்படி ஏதுமில்லை. ஆனால் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும், இல்லையேல் எண்ணெயின் தரம் கெடும். கன்று நடும் முன்பே ஆலை எத்தனை மைல், ஓட்டம் எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்குக் கொடுக்கலாமா?

நாம் இங்கிருக்க, ஊர் நிலத்தை இஞ்சிக்குக் குத்தகை கேட்டு ஆள் வருவதுண்டு. வயநாட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாகவே குடகு, மைசூரு, ஹாசன், சிவமொக்கா நிலங்களை ஒன்று, ஒன்றரை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போட்டு வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பும் திறமையும் பாராட்டத் தக்கவை. ஆனால் குத்தகைப் பயிரின் இயல்பு ஒன்றுண்டு. அறுவடை முடிந்ததும் பயிர் செய்தவர் அடுத்த நிலத்துக்குப் போய்விடுவார். மண்ணில் தங்கிய நோயும் மருந்தும் நமக்கு. வெறும் நிலத்திலேயே இது யோசிக்க வேண்டிய செய்தி. இளம் பனை நிற்கும் நிலத்தில் குத்தகைதாரருக்கு மரத்தின் மேல் அக்கறை இருக்க நியாயமில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மரத்திலிருந்து 2 மீட்டர் விலக்கு, மட்டை வெட்டத் தடை, வடிகால் வெளியேறும் வழி, இரண்டாம் முறை அதே பாத்தி கூடாது என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறவுக்குள் இன்னும் தெளிவு வேண்டும். பணம் அனுப்புபவர் பெங்களூருவில், முதுகு வளைபவர் ஊரில். இஞ்சி தினமும் கண் வைக்க வேண்டிய பயிர். ஒரு செடி மஞ்சளித்த அன்றே பிடுங்கி அப்புறப்படுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் பாத்தியே போகும். ஆகவே இஞ்சி வருமானத்தில் பெரும்பங்கு ஊரில் உழைப்பவருக்கே என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. மரத்தின் வருமானத்தைப் பிறகு பங்கிட்டுக்கொள்ள 25 ஆண்டு இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒற்றுமையும் நிற்கும், பயிரும் நிற்கும்.

ஊருக்கு அடுத்த முறை போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். மே மாதக் கிணற்று நீரை அளந்து பாருங்கள். மழைக்கு மறுநாள் வயலில் எங்கே நீர் நிற்கிறதென்று நடந்து பாருங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மண்ணைச் சோதிக்கக் கொடுத்து, திட்டத்தின் இன்றைய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் சாதகமாக இருந்தால், காத்திருக்கும் இரண்டு ஆண்டுக்கு இஞ்சி கைகொடுக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும், "இந்த வருஷம் வேண்டாம், தம்பி" என்று சொல்லத் தயங்காதீர்கள். அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்.